பூவாடைக்காரியை அழைக்கும் இரவு: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், திருமணத்திற்கு முன்பு, வீட்டில் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைத்துக் கும்பிடுவார்கள். இரவில் கிணற்றடியிலோ குளக்கரையிலோ பம்பையும் உடுக்கையும் சிலம்பும் முழங்க, பம்பைக்காரர் இறந்தவரை வருந்தி வருந்தி அழைத்துப் பாடுவார். தாளம் ஏற ஏற உறவினர் ஒருவர்மேல் அருள் இறங்கும். வந்திருப்பது யார் என்று கேட்டால், இறந்தவரே அந்த வாயால் பேசுவார் என்பது எங்கள் நம்பிக்கை.

என் திருமணத்திற்கு முன்பு அக்காவை அழைத்தோம். அவள் இறந்த நாள் முதல் கண்ணீரே வராமல் உறைந்திருந்த அம்மா, அருள் வந்து ஆடிய சித்தியின் கைகளைப் பற்றிக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியேடி" என்றார். "எங்கயும் போவலம்மா, வூட்லதான் இருக்கேன்" என்று பதில் வந்தது. அம்மா அன்றுதான் வாய்விட்டு அழுதார். விடியுமுன், அக்காவை எழுந்தருளச் செய்த கலசத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து வைத்தோம். அந்த வாரமே, அதுவரை யாரையும் தொடவிடாத அக்காவின் துணிப்பெட்டியை அவரே திறந்தார்.

பின்னர் இதைக் கேட்ட ஆலோசகர் ஒருவர், சித்திக்கு வந்தது நோய் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடோ, சமூகத்தின் பண்பாட்டிலோ சமயத்திலோ ஏற்கப்பட்ட சடங்கின் பகுதியாக வரும் ஆவேசத்தை நோயாகக் கொள்வதில்லை. சடங்கை நம்பி மருத்துவம் கைவிடப்படுமோ என்ற உங்கள் அச்சத்திற்குக் காரணம் இருப்பதையும் நான் அறிவேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறந்து யாரும் இதைப் பேசக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடைசெய்ததை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். மாத்திரை வேண்டியவருக்கு மாத்திரைதான் தர வேண்டும்.

ஆனால் தாளத்தை எப்போது ஏற்றுவது, அழும் தாய்க்காக எப்போது தணிப்பது, வந்தவரைக் கற்பூரம் காட்டி எப்படி மலையேற்றுவது என்பதெல்லாம் பம்பைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட அறிவு. அவர்களை அழைத்து ஒருமுறை பேசுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உங்கள் முன் அமரும்போது, உறக்கத்தையும் பசியையும் விசாரித்த பின், "பூவாடை அழைத்தீர்களா, என்ன சொன்னாள்?" என்றும் கேளுங்கள்.