நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டாயே

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பொண்ணு நர்சிங் சேர்ந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா உடனே மருந்தீஸ்வரருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டுவிட்டாள். அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நடை மட்டும் குறையவில்லை. கடை ஓடுகிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பான் கார்டு என்று நாள் போய்விடுகிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். ‘போனைக் கண்டாலே ஏன்டா இப்படிச் சந்தேகப்படுகிறாய், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று. நாலு நாளாக அந்த வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் பாதியில் விட்டுவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அக்கா கடைக்கு வந்தார். ஆதார் ஜெராக்ஸ் எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றார். ‘தம்பி, இத கொஞ்சம் பாரேன்’ என்று போனை நீட்டினார். மகனுக்கு ஃபீஸ் கட்ட ஏதோ ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கைக்கு வந்தது 3,200. ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டும். எட்டாம் நாள் காலையில் அவருடைய நாத்தனார், பையனின் டீச்சர், ஏலம் எடுக்கிறவர் என எல்லாருக்கும் அவர் படத்தோடு ‘திருடி’ என்று செய்தி போயிருக்கிறது.

ஈரக்கை, திரை தொடுவதை எடுக்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். காண்டாக்ட், கேலரி, மெசேஜ், இருக்கிற இடம், நாலுக்கும் அனுமதி. ‘நான் எப்ப தம்பி குடுத்தேன்?’ என்றார். கொடுத்திருக்கிறார்தான். இங்கிலீஷில் வந்த நாலு கட்டத்திலும் ‘அலவ்’ என்பதை அழுத்தியிருக்கிறார். அழுத்தாவிட்டால் அடுத்த பக்கம் வராது, பக்கம் வராவிட்டால் ஃபீஸ் இல்லை. இதற்குப் பெயர் சம்மதமா, நீயே சொல்.

காண்டாக்ட், கேலரியில் எல்லாம் கடன் ஆப் கை வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. 2023-ல் கூகுளும் தன் ப்ளே ஸ்டோரில் அதையே தடுத்தது. இந்த ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வாட்ஸ்அப் லிங்க்கில் வந்தது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தோம். அனுமதியை எல்லாம் எடுத்துவிட்டு ஆப்பையும் தூக்கினேன். ஆனால் போன காண்டாக்ட் போனதுதான், திரும்பி வராது. அந்த அக்காவிடம் மறைக்க என்ன இருந்தது? ஒன்றுமில்லை. மானம்தான் இருந்தது.

நம்ம பிரவுசிங் சென்டர் ரெஜிஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? 2011-ல் பிரவுசிங் சென்டர்களுக்கு விதி வந்ததும் நீ ஓசூரிலிருந்து போன் பண்ணி, ‘நீளமான கணக்கு நோட்டா வாங்குடா’ என்று சொன்னாய். வருகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுத வேண்டும், ஒரு வருஷமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வந்து கேட்டால் காட்ட வேண்டும். ஆறே ஆறு கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைக்கு இந்தக் கணக்கு. நான் முணுமுணுத்தாலும் ஒழுங்காக எழுதினேன். இன்றைக்குக் கோடிக்கணக்கான பேரின் ஒவ்வொரு தொடுதலையும் எழுதி வைக்கிற கம்பெனிகளின் நோட்டை எவர் போய்ப் புரட்டிப் பார்க்கிறார்? என் நோட்டில் என்ன இருந்தது என்று யார் வந்து கேட்டாலும் நான் காட்டியிருப்பேன். பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் அங்கேயே திருத்தியிருப்பேன். கம்பெனியிடம் அப்படிக் கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்று கூட நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான். என்னைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் எந்த ஊர் என்று கூட எனக்குத் தெரியாது.

விளையாட்டிலும் இதே கதை. நம்ம கடையில் சனிக்கிழமை கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டு எப்படி ஓடும்! ஆறு பையன்கள் மெஷினில், முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். மணிக்கு 15 ரூபாய். இன்டர்நெட் கிடையாது, மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஒரு சுவிட்ச், ஆறு வயர், அவ்வளவுதான். விளையாட்டு நம்ம மெஷினுக்குள் இருந்தது. இப்போது காசு கொடுத்து வாங்கினாலும் சாவி அவர்கள் கையில். யுபிசாஃப்ட் என்ற கம்பெனி 2014-ல் விட்ட ‘தி க்ரூ’ என்ற கார் விளையாட்டு ஓட, கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்க வேண்டும், அந்த சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டார்கள். வாங்கினவன் தனியாக ஒரு ரவுண்டு ஓட்டக்கூட முடியாது. அதில் கோபப்பட்டுத்தான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கியது. விளையாட்டுக்கு எதற்குடா இவ்வளவு என்று நீ நினைக்கலாம். விற்ற பொருளைப் பத்து வருஷம் கழித்து வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனால் டிவியாக இருந்தால் சும்மா விடுவோமா?

சின்னவன் விஷயமும் எழுத வேண்டும். மூணு மாதம் முன்னால் என் கணக்கிலிருந்து 1,840 ரூபாய் போயிருந்தது. போன் விளையாட்டில் ஏதோ துப்பாக்கிக்குக் கலர் மாற்றினானாம். அடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டை நானும் ஒரு மணி நேரம் பார்த்தேன். இலவசப் பெட்டி ஒன்று, திறந்தால் பாதிப் பரிசு, மீதிக்கு இன்னும் மூணு மணி நேரம்தான் என்று கடிகாரம் ஓடுகிறது. பதினோரு வயசுப் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள், எந்த நொடியில் கை நீளும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிற பெரிய மனிதர்கள். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ் கம்பெனி 2022-ல் 52 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. பிள்ளைகளின் விவரத்தை எடுத்ததற்கு ஒரு பாதி, தெரியாமல் வாங்க வைத்ததற்கு இன்னொரு பாதி. அங்கே கேட்க ஆள் இருந்தது.

நம்ம ஊரிலும் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தரவுச் சட்டமும் வந்தது. பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நம்ம தெருவில் வந்து பார். ஒரு வீட்டுக்கு ஒரு போன். அம்மா பெயரில் சிம், அம்மா பெயரில் கணக்கு, அதில் பையன் விளையாடுகிறான், பொண்ணு படிக்கிறாள், அப்பா ஏதோ விளம்பரம் பார்க்கிறார். இதில் பிள்ளை எது, பெற்றவர் எது என்று எந்த ஆப் பிரித்துப் பார்க்கும்? அரசாங்கமே தன் துறைகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள அதே சட்டத்தில் வழி வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் வந்தும் நெட் வரவில்லை. பசங்க போனைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றார்கள். ஒரு விளையாட்டும் திறக்கவில்லை, தனியாக ஆடுகிறது கூட. பரணில் துணி சுற்றி வைத்திருந்த பழைய சி.பி.யு. இரண்டை இறக்கினேன். ஒன்றில் ராம் கழற்றித் துடைத்துப் போட்டதும் உயிர் வந்தது. வயரைச் சொருகினேன், கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் அதே டஸ்ட் 2 மேப். சின்னவன், ‘அப்பா, லாகின் கேக்கலையே?’ என்றான். தெருவில் முழங்கால் தண்ணீர், கடைக்குள் எட்டுப் பசங்க சத்தம். உன்னை நினைத்துக்கொண்டேன்.

பொண்ணு போனில் செட்டிங்ஸுக்குள் பர்மிஷன் மேனேஜர் இருக்கும். காண்டாக்ட், மைக், லொகேஷன் மூன்றையும் அவளை வைத்துக்கொண்டே ஒவ்வொரு ஆப்பாகப் பார். ஹாஸ்டலில் ஆதார் காப்பி கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை டவுன்லோடு பண்ணிக் கொடு.

அந்தப் பழைய சி.டி. பை உன்னிடம்தானே இருக்கிறது? ஜிப் போன நீலப் பை. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. ஒரு மெஷினில் டிரைவ் இன்னும் ஓடுகிறது.

அன்புடன்,
உன் சேகர்