கல் வாங்கும் முன் வாட்டம் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டைச் சுற்றித் தளம் போடவோ, வண்டிப்பாதை அமைக்கவோ, சரிவில் தடுப்புச் சுவர் எழுப்பவோ நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கல்லின் நிறத்தையும் வடிவத்தையும்தான். அது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். மழைத் தண்ணீர் எங்கே விழுந்து, எந்த வழியாக, எங்கே போய்ச் சேரும் என்பதுதான் முதல் கேள்வி. பதித்த தளம் கெடுவதும் பெரும்பாலும் தண்ணீரால்தான். அனுமதி விதிகளில் பலவும் அதற்காகவே ஏற்பட்டவை.

‘கிராமப்புறம்தானே, நம் இடத்தில் கல் பதிக்க யாரைக் கேட்க வேண்டும்?’ என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண நடைபாதைக்குப் பல ஊர்களில் அனுமதி தேவைப்படாது, உண்மைதான். ஆனால் ஊர்ப்புறத்தில் எல்லாம் ஒரே அலுவலகத்தில் முடிவதில்லை. வண்டிப்பாதை பொதுச் சாலையோடு சேரும் இடம் பொதுவாகச் சாலைத் துறையின் கையில் இருக்கும். அங்கே ஓரத்து வாய்க்காலை மண் கொட்டி மூடினால் மேல்பக்கத்து நிலத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால், அடியில் குழாய் பதிக்கச் சொல்வார்கள். குழாயின் விட்டத்தை அவர்களே சொல்லட்டும். முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டாம். கிணறும் செப்டிக் டேங்கும் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்ததாக இருக்கலாம், ஓடைக்கரை இன்னொரு துறையாக இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செப்டிக் டேங்கின் நீர் மண்ணில் ஊறும் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விதி இருக்கிறதோ இல்லையோ, அதன்மேல் கல் பதிக்கவே கூடாது. எடை ஏறினால் உள்ளே இருக்கும் துளைக்குழாய் நசுங்கும். மேலே மூடினால் மண்ணுக்குக் காற்று போகாது. நீர் ஊறுவது நின்று கழிவறைக்கே திரும்பும்.

தடுப்புச் சுவரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏறத்தாழ 1.2 மீட்டருக்கு மேல் போனால் அனுமதியும் பொறியாளர் வரைபடமும் வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வரம்பு. அந்த உயரத்தைப் பெரும்பாலும் தரையிலிருந்து அளப்பதில்லை, கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) அடியிலிருந்து அளக்கிறார்கள். வெளியே 1 மீட்டர் தெரியும் சுவருக்கு அடியில் 30 செ.மீ. புதைந்திருந்தால் கணக்கில் அது 1.3 மீட்டர். சுவரின் மேல்பக்கம் வண்டி நிற்கும், அல்லது மண் இன்னும் சரிந்து ஏறுகிறது என்றால், குட்டைச் சுவருக்கும் அனுமதி தேவைப்படலாம். எந்த உயரமானாலும் சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு வெறும் ஜல்லியும், அடியில் தண்ணீர் வெளியேறத் துளைக்குழாயும் போடுங்கள். அள்ளிய மண்ணையே பின்னால் தள்ளி நிரப்பினால், கனமழையில் ஊறிய மண் சுவரை வெளியே பிதுக்கிவிடும்.

இனித் தளம். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே, 50-க்கு 1. தளம் 4 மீட்டர் நீளும் என்றால் வெளி ஓரம் 8 செ.மீ. தாழ வேண்டும். மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் முளை அடித்து, நூல் கட்டிப் பாருங்கள். அந்தச் சரிவில் ஓடும் தண்ணீர் அண்டை நிலத்துக்குள் போகக் கூடாது.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: வீட்டை ஒட்டி 4 × 5 மீட்டர் தளம், நடப்பதற்கு மட்டும். 60 மி.மீ. கல், 25 மி.மீ. மணல், 150 மி.மீ. ஜல்லி, ஆக 235 மி.மீ. தோண்ட வேண்டும். ஜல்லிப் படுகை கல்லின் ஓரத்தைத் தாண்டி மூன்று பக்கமும் 15 செ.மீ. வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் ஓரக்கல் சாயும். திமிசு போட்டு இடித்து இறுக்கிய பிறகு 3.3 கன மீட்டர் வருவதற்கு, ஏறத்தாழ 4 கன மீட்டர் ஜல்லி இறக்க வேண்டும். மணல் அரை கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வெட்டும் கழிவுக்காகக் கல் 21 முதல் 22 சதுர மீட்டர். தோண்டிய மண் 5 கன மீட்டருக்கும் மேல், அள்ளியதும் உப்பி இன்னும் பெருகும். அதைத் தாழ்வான இடத்தில் கொட்டவும் சில ஊர்களில் அனுமதி தேவை.

ஜல்லியை 10 செ.மீ.க்கு மேல் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். தூசி கலந்த ஜல்லி சரியான ஈரத்தில் இருந்தால், கையில் இறுக்கிப் பிடித்ததும் உருண்டையாக நிற்கும், விரலிடுக்கில் நீர் கசியாது. மேலே பரப்ப வேண்டியது கழுவிய பெருமணல். அங்கே கிரஷர் தூசியை (கல் உடைக்கும்போது வரும் பொடியை) போட்டால் அது நீரைப் பிடித்துவைத்துக் கல்லடியில் சேறாகும். பள்ளங்களை மணலால் சமன் செய்யவும் வேண்டாம், ஜல்லியிலேயே சரிசெய்யுங்கள்.

கார் ஏறும் பாதை வேறு கணக்கு: 80 மி.மீ. கல், 20 முதல் 30 செ.மீ. ஜல்லி, களிமண் என்றால் அடியில் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி). இதில் குறைத்தால் சக்கரம் ஓடும் இரண்டு தடம் மட்டும் அமுங்கி, நடுவில் முதுகுபோல மேடு நிற்கும். அதற்கு மேல்பூச்சு வைத்தியம் கிடையாது, கல்லை எடுத்து அடியிலிருந்தே செய்ய வேண்டும்.

கடைக்கு வரும்போது ஒரு தாளில் எல்லைக்கோடு, வீடு, கிணறு, செப்டிக் டேங்க், சாலை, நீரோட்டத்துக்கு ஓர் அம்புக்குறி ஆகியவற்றை அளவுகளோடு வரைந்து கொண்டுவாருங்கள். அலுவலகத்துக்கும் முதலில் அதே தாளைக் காட்டலாம். கல்லும் ஜல்லியும் எவ்வளவு என்று அதைப் பார்த்தே கணக்கிட்டுத் தருகிறோம். அனுமதி கைக்கு வந்த பிறகு ஆர்டர் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடைக் குழுவினர்