லண்டன் மச்சானுக்கு ஒரு சோடாக் கடிதம்

பரந்தன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். நம் வயதில் இந்தப் பக்கம் அது இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிளினிக் நாளில் போனால் நம் வகுப்புப் பெடியள் பாதிப்பேரை அங்கேயே பார்க்கலாம். ஆனால் உன் முறைப்பாடு வருத்தத்தைப் பற்றியது அல்ல, கோலாவைப் பற்றியது. சீனி இல்லாத கோலா பாணி மருந்தில் தண்ணீர் விட்டதுபோல் இருக்கிறதாம், ஏன் அப்படி என்று கேட்டிருந்தாய்.

இங்கே இரணைமடுக் குளம் இந்த முறை நன்றாக நிரம்பியது. காலபோகம் பிழையில்லை. நெல் விலைதான் வழமைபோல அறுவடை நேரம் பார்த்து விழுந்தது. மருமகன் முறிகண்டியடியில் ஒரு கூல்பார் போட்டிருக்கிறான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குகிற பஸ் சனம் அப்படியே ஒரு சோடாவும் குடிக்கும். பின்னேரங்களில் காசு மேசையில் நான்தான். ஆகவே உன் கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த வாய் வேறு, சும்மா இருக்காது.

உன் நாக்கு சொல்வது சரி. ஆனால் குறைவது இனிப்பு அல்ல. சாதாரண கோலாவில் 100 மில்லிலீற்றருக்கு 10.6 கிராம் சீனி. 330 மில்லிலீற்றர் டின்னில் 35 கிராம், அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி. நீ குடிப்பதில் அஸ்பார்ட்டேம், அசிசல்பேம் என்ற இரண்டு செயற்கை இனிப்புகள் இருக்கும். இரண்டும் சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு என்பதால் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டாலே போதும். இரண்டு டின்னையும் திறக்காமல் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்: சீனிக் கோலா தாழும், மற்றது மிதக்கும். கடைக்கு வரும் பெடியளுக்கு இதைக் காட்டினால் பந்தயம் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வாளியில் தெரிகிற அந்த 35 கிராம் வாயிலும் தெரியும். சீனி தண்ணீருக்கு ஒரு தடிப்பைக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன இனிப்புப் போட்டாலும் வெறுந்தண்ணீர்த் தன்மை வந்துவிடும்.

அப்புறம் இனிப்பு வந்து போகிற நேரம். சீனி சட்டென்று வரும், சட்டென்று போகும். அஸ்பார்ட்டேம் கொஞ்சம் பிந்தி வந்து, விழுங்கிய பிறகும் போக மனமில்லாமல் நிற்கும். அசிசல்பேம் முந்திக்கொண்டு வரும், ஆனால் சிலருக்குக் கசக்கும். நாக்கில் கசப்பை அறிகிற வாங்கிகளில் சில அதையும் சக்கரினையும் பிடித்துக்கொள்கின்றன. பரம்பரையைப் பொறுத்து ஒருவருக்குக் கூட, மற்றவருக்குக் குறைய. ஒன்றின் குறையை மற்றது மூடட்டும் என்றுதான் கொம்பனிகள் இரண்டையும் கலக்கின்றன. தங்கச்சி அதே போத்தலைக் குடித்துவிட்டு வித்தியாசமே இல்லை என்று சொன்னதற்கு நீ சண்டை பிடித்ததாக எழுதியிருந்தாய். அவ பொய் சொல்லவில்லை மச்சான். அவவின் நாக்குக்கு அது கசக்காமல் இருக்கலாம்.

வித்தியாசம் உண்மையில் தெரிகிறதா என்று பார்க்க ஆய்வுகூடங்களில் ஒரு முறை உண்டு. ஒரே மாதிரி மூன்று கப். இரண்டில் ஒரே சோடா, மூன்றாவதில் வேறு. தனியானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டுவாக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒன்று சரிவரும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் ரியூசன் முடிந்து வருகிற பெடியளைப் பிடித்து இதைச் செய்விக்கிறேன், செலவு மருமகனுடையது. லேபலைப் பார்த்தால் முகம் சுளிக்கிறவன்கூட, நன்றாகக் குளிர்ந்த, காஸ் குறையாத சோடாவில் தடுமாறுகிறான். அதையே காஸ் போகவிட்டு, மேசையில் வைத்துக் குளிர் விட்ட பிறகு கொடுத்தால் பலர் பிடித்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் உணரும். சூடு ஏற ஏற இனிப்பும், விழுங்கிய பிறகு நிற்கிற அதன் வாலும் தெளிவாகும். காஸின் கடியும் புளிப்பும் இனிப்பை அமத்தும். 2013இல் இத்தாலியில் மூளையைப் படம்பிடித்துச் செய்த ஆய்வு ஒன்றில், காஸ் இருக்கும்போது சீனிக்கும் செயற்கை இனிப்புக்கும் மூளை காட்டுகிற வித்தியாசம் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஆகவே நீ குடிப்பதென்றால் நன்றாகக் குளிரவிட்டு, திறந்தவுடன் குடி. மிச்சம் வைக்காதே. வாங்கும்போது திகதியையும் பார். அஸ்பார்ட்டேம் நாள்பட நாள்பட உடைந்து இனிப்பை இழக்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. இங்கே சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கியிருந்த போத்தல்களை உள்ளே எடுப்பித்தேன். இடமில்லை என்று மருமகன் இன்னும் முணுமுணுக்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை சிறுகுறிஞ்சா. வேலிக்கரையில் படர்கிற அதே கொடிதான். இரண்டு இலையை நன்றாகச் சப்பித் துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோலத்தான். அதன் பிறகு இரண்டு கோலாவையும் குடித்துப் பார்த்தேன். இரண்டிலும் இனிப்பு இல்லை! சீனியும் அஸ்பார்ட்டேமும் போய் அமர்கிற இனிப்பு வாங்கி ஒன்றேதான்; 2001இல்தான் அதைச் சரியாக அடையாளம் கண்டார்கள். இலையிலுள்ள அமிலம் அந்த வாங்கியை மறித்துவிடுகிறது. மிஞ்சியது என்ன தெரியுமா? பல்லைக் கூசவைக்கிற புளிப்புத் தண்ணீர். பொசுபோரிக் அமிலம் போட்ட குடிபானத்தை நாம் சுகமாகக் குடிப்பது, இனிப்பு அந்தப் புளிப்பை மறைப்பதால்தான். அரை மணித்தியாலம், கூடினால் ஒரு மணித்தியாலத்தில் நாக்கு பழையபடி வந்துவிடும், பயப்படாதே.

உங்கள் நாட்டில் 2018இல் சீனி வரி வந்த பிறகு பல சோடாக்களில் சீனியைக் குறைத்துச் செயற்கை இனிப்பைக் கலந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே 2016 ஓகஸ்டிலிருந்து சீனி அளவைக் காட்டப் போத்தலில் நிறம்: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் மஞ்சள். 10.6 கிராம் கோலா மஞ்சளில் தப்பிவிடுகிறது, பார்த்தாயா? 2017இல் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரியும் போட்டார்கள். ஆனால் கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவரை நான் காணவில்லை. இன்னும் மோசம், பனங்கட்டி சீனி வருத்தத்துக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிற சனம். அதிலும் பெரும்பகுதி அதே சீனிதான்.

போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தோமே, 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வந்த சோடா எவ்வளவு தித்தித்தது! நாக்கு பழக்கத்துக்கு அடிமை. உன் விசயத்திலும் என் எண்ணம் இதுதான்: சீனிக் கோலாவின் ருசியை அந்தப் போத்தலில் தேடாதே, அது கிடைக்காது. எப்போதாவது ஒன்று குடி, மற்ற நேரம் இனிப்பையே குறை. உடம்பு மெலிய இந்த இனிப்புகளை நம்பவேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார அமைப்பும் சொன்னது. அந்த அறிவுரை உன்னைப் போல ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவர்களுக்கானது அல்ல என்றாலும், நாக்கு தித்திப்பிலேயே நின்றுவிடும் என்பது என் பயம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வரும்போது அங்கே சீனி குறைத்த சோடாவில் இரண்டு போத்தல் பெட்டியில் போட்டு வா. இங்கத்தையதோடு சேர்த்து மூன்று கப்பில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தங்கச்சியையும் கூட்டி வா; அவவின் நாக்கையும் சோதிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பரந்தன் மச்சான்