மைலேஜ் குறைந்தது பெட்ரோலால் அல்ல, உங்கள் சர்வீஸ் சென்டர் மாட்டிய பிரேக்கால்

அனுப்புநர்:
காரின் உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
கார் தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

நகல்: பொது மேலாளர், தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், வேலூர்.

பொருள்: முன் பிரேக் பேட் மாற்றியதில் ஏற்பட்ட சேவைக் குறைபாடு, அதனால் கூடிய பெட்ரோல் செலவு, தேவையற்ற வேலைகளுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – சார்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 1.2 லிட்டர் பெட்ரோல் காரை 2022-ல் புதிதாக வாங்கினேன். எங்கள் குடும்பத்துக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை என் மனைவியைச் சிகிச்சைக்காக கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக வேலூருக்கு அழைத்துப் போய் வருகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் மகனும் சில நாள் எடுத்துப் போவான். எப்படிப் பார்த்தாலும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்.

கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். வண்டி வாங்கியதிலிருந்து பெட்ரோல் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும்வரை டேங்க் நிரப்புவேன். அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை விழுந்த லிட்டரால் வகுத்து எழுதி வைப்பேன். டயர் காற்று நான்கு சக்கரத்திலும் உங்கள் கையேடு சொல்லும் அளவில் இருக்கும். இந்த நோட்டின் நகலை இணைத்துள்ளேன். என் புகார் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே முதலில் இதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய நாளிலிருந்து ஏ.சி. போட்டு, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகக் கலந்து ஓட்டியதில் லிட்டருக்கு 15, 15.4 என்றுதான் வந்துகொண்டிருந்தது. உங்கள் விளம்பரத்தில் போட்ட எண்ணை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுப்பது என்று எனக்குத் தெரியும். என் வண்டி எனக்குத் தந்துகொண்டிருந்ததைத்தான் கேட்கிறேன்.

40,000 கிலோமீட்டர் சர்வீஸில் வேலூர் சர்வீஸ் சென்டரில் முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் மாட்டினார்கள். அதற்கு அடுத்து நிரப்பியபோதே 12.6. அதற்குப் பிறகு 11.8. பிறகு 11.2. கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 67 லிட்டர் குடித்த வண்டி 90 லிட்டர் குடித்தது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில், மருந்துச் செலவும் உள்ள ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு என்று தங்களுக்கே தெரியும்.

வண்டியை அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் பதில்: "எல்லா வண்டியும் இப்ப இப்படித்தான் சார். இ20 பெட்ரோல்." அடுத்த பதில்: "வேலூர் வெயிலுக்கு ஏ.சி. அதிகமா போடுவீங்க." மூன்றாவதாக என் ஓட்டும் பழக்கம்.

இந்த இ20 (நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல்) பதிலுக்கு நான் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஆராயாமல் அனுப்பிவிட இந்த ஒரு வார்த்தை போதும் என்றாகிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு, அது உண்மை. நூற்றுக்கு 20 பங்கு கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலைவிட ஆறு ஏழு விழுக்காடு சக்தி குறையும். பழைய கார்களுக்கு ஆறிலிருந்து ஏழு விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்றுதான் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொல்கிறது. என் வண்டியோ வந்த நாளிலிருந்தே எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடியது; நாடு 10 விழுக்காட்டுக் கலப்பை 2022-லேயே எட்டிவிட்டது. பத்திலிருந்து இருபதுக்குப் போனால் மூன்று, நான்கு விழுக்காடு குறையலாம். 15.4 என்பது 14.8 ஆகலாம். 11.2 ஆகாது. எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்குகளில் இ20 வந்த பிறகும் பல மாதம் 15-க்குக் குறையாமல் ஓடியதை நோட்டிலேயே பார்க்கலாம். மைலேஜ் விழுந்தது பெட்ரோல் மாறியபோது அல்ல, பிரேக் பேட் மாறியபோது. இரண்டு தேதிகளையும் சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன்.

இதை நோட்டோடு அட்வைசரிடம் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. ஸ்கேனரை மாட்டினார்கள். "எரர் கோடு எதுவும் இல்ல சார், வண்டி பர்ஃபெக்ட்" என்றார்கள். அதே வாயால் இன்ஜெக்டர் கிளீனிங்கும் (பெட்ரோல் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) டீகார்பனைசிங்கும் (எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்குவது) செய்தால் மைலேஜ் ஏறும் என்று சொல்லி, ஜி.எஸ்.டி. சேர்த்து 4,720 ரூபாய் பில் போட்டார்கள். கோளாறே இல்லை என்று கருவி சொன்ன எஞ்சினுக்கு எதற்காக இந்த வேலை? பில்லில் காரணம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் சத்துவாச்சாரி பக்கம் நெடுஞ்சாலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டாப் கியரில் 60-ல் போய், "17 காட்டுது பாருங்க சார்" என்றார்கள். சூடான எஞ்சினோடு, சமதரையில், சிக்னலே இல்லாமல் சிறிது தூரம் ஓட்டினால் எந்த வண்டியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். அதே சாலையில் அதே வேகத்தில் முன்பு 21, 22 காட்டிய வண்டி இது. அவர்கள் எனக்குக் காட்டிய 17, வண்டியை ஏதோ ஒன்று பின்னால் இழுக்கிறது என்பதற்குச் சாட்சி. அங்கேயே சொன்னேன். கேட்டுக்கொள்ள ஆளில்லை.

இன்னொன்றை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். வண்டி இடது பக்கம் இழுக்கிறது, இடது முன் சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூள் படிகிறது, நிறுத்தி இறங்கினால் காந்தல் நாற்றம் வருகிறது என்று மூன்றையும் வாயால் சொன்னேன். ஜாப் கார்டில் "மைலேஜ் குறைவு" என்ற இரண்டே சொற்கள்தான் ஏறின. மற்றதையும் எழுதச் சொன்னதற்கு, "சிஸ்டத்தில் போட்டாச்சு சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வேலை செய்யும் மெக்கானிக் பார்ப்பது அந்த அட்டையைத்தானே? அவருக்கு எப்படித் தெரியும்? இழுப்புக்கு வீல் அலைன்மென்ட் செய்து அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஜாப் கார்டின் நகலும் இணைப்பில் உள்ளது.

இதற்கிடையில் பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துப் போனோம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். எப்போதும்போல் தாழ்ந்த கியரிலேயே இறங்கினேன். இறங்க இறங்க பிரேக் மிதி மெத்தென்று கீழே போக ஆரம்பித்தது. அடிவாரத்தில் பொன்னேரியில் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரத்திலிருந்து புகை. வலது சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோக முடிந்தது. இடது பக்கம் அனல் அடித்தது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். ஐயா, பெட்ரோல் பணத்தைவிட இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதித்தால் மிதி மட்டும் இறங்கும், வண்டி நிற்காது. நடுமலையில் அப்படி ஆகியிருந்தால்?

வண்டி ஆறியபின் மெல்ல ஓட்டி ஊர் வந்து, மறுநாள் காலை பேரணாம்பட்டு சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் காட்டினேன். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தார். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றினார். வலது முன் சக்கரம் இரண்டு சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகவில்லை. கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "ரப்பர் பூட்டை ஒழுங்கா உக்கார வைக்கல சார். தண்ணி எறங்கி பின்னு துரு புடிச்சிக்கினு கெடக்குது. வண்டி பிரேக்கைப் புடிச்சிக்கினேதான் ஓடுது." அவர் சொன்ன பூட் என்பது, பிரேக் நகரும் பின் என்ற சிறு இரும்புக் கம்பிக்குள் தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் உறை.

பொறியாளர்களான தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படிக்கும் அலுவலர் யாராக இருந்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மிதியை அழுத்தினால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கேலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும். கேலிபர் இரண்டு ஸ்லைடு பின்களின்மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடையும் இழுத்துப் பிடிக்கும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும், கேலிபரும் பின்மேல் தளர்ந்து நகரும், டிஸ்க் விடுபடும். பேட் மாற்றும்போது பின்களைத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் வைத்து, ரப்பர் பூட்டைப் பள்ளத்தில் சரியாகப் பொருத்த வேண்டும். என் வண்டியில் பின்னில் கிரீஸ் என்பதே இல்லை. பூட் மடங்கிக் கிழிந்திருந்தது. ஸ்லைடு பின் இறுகிப்போனதால் பேட் டிஸ்க்கை விடவே இல்லை. உள்பக்க பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, வெளிப்பக்கத்தது ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. எஞ்சின் கூடுதலாக எரித்த பெட்ரோலெல்லாம் இந்த உராய்வில்தான் போயிருக்கிறது. ஸ்லைடு பின் துருப்பிடித்ததைச் சொல்ல வண்டியில் எந்த சென்சாரும் இல்லை. எரர் கோடு வராததில் வியப்பில்லை. ஸ்கேனர் சும்மா இருந்தால் வண்டியில் குறையில்லை என்று முடிவு கட்டுவதுதான் உங்கள் ஆட்களின் அடிப்படைப் பிழை.

இரு முன் டிஸ்க்குகள், பேடுகள், பின்கள், பூட்டுகள் எல்லாம் மாற்றினேன். அடுத்த டேங்க் 14.7. அதற்கடுத்தது 14.9. அதே சாலை, அதே பங்க், அதே இ20, அதே ஏ.சி., அதே ஓட்டுநர். நோட்டின் கடைசிப் பக்கம் பார்க்கவும்.

கழற்றிய பாகங்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேலாளர் இரண்டு காரணம் சொன்னார். பிரேக் பேட் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது என்பது ஒன்று. வெளியாள் கை வைத்துவிட்டார், ஆகவே பொறுப்பேற்க முடியாது என்பது மற்றொன்று. நான் பேடுக்கு வாரன்டி கேட்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த வேலைக்குப் பொறுப்பு கேட்கிறேன். வெளியாள் கை வைக்குமுன் பலமுறை உங்கள் வாசலில்தான் வண்டி நின்றது, கழற்றிப் பார்க்காதது உங்கள் ஆட்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது: இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங்குக்கு வாங்கிய 4,720 ரூபாயும், அலைன்மென்ட் கட்டணமும், முதலில் பேட் மாட்டியதற்கான கூலியும், பாய் பட்டறையில் நான் கொடுத்த பில் தொகையும், நோட்டின்படி கூடுதலாகச் செலவான பெட்ரோலுக்கான தொகையும் திருப்பித் தரப்பட வேண்டும். கணக்கைத் தனித்தாளில் எழுதி, ரசீதுகளோடு வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது அடுத்தது. என் வண்டிக்கு பேட் மாட்டிய அதே கை, அந்த நாட்களில் இன்னும் எத்தனையோ வண்டிகளுக்கு மாட்டியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, போளூர் என்று பல ஊர்க் குடும்பங்கள் அங்கேதான் வண்டி விடுகின்றன. ஜாப் கார்டு பதிவுகள் உங்கள் கணினியில் இருக்கின்றன. முன் பிரேக் வேலை நடந்த வண்டிகளின் உரிமையாளர்களை அழைத்து, இலவசமாகச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். மைலேஜ் குறைவு என்று யார் வந்தாலும், கிளீனிங் பில் போடுவதற்கு முன் நான்கு சக்கரமும் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்து ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்று எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் எழுத்தில் உத்தரவு கொடுங்கள். ஜாக்கி வைத்துச் சுற்ற பத்து நிமிடம் ஆகாது. வாடிக்கையாளர் சொல்வதை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாட்டுக்காக வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வேன்.

கழற்றிய பேடுகள், டிஸ்க்குகள், துருப்பிடித்த ஸ்லைடு பின், கிழிந்த பூட் எல்லாவற்றையும் தேதி எழுதி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றைக் கையோடு எடுத்துப்போக மட்டும் அனுமதிக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாள் வந்தாலும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
குடியாத்தம்.

இணைப்பு: பெட்ரோல் நோட்டின் நகல், ஜாப் கார்டு மற்றும் பில்களின் நகல், கழற்றிய பாகங்களின் படங்கள், கணக்குத் தாள்.