தீபாவளிக்கு எந்தப் படம்?

திருநெல்வேலி
22-10-2024

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. அதனால்தான் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். வெள்ளிக்குள் கையில் கிடைத்துவிடும்.

விஷயம் தீபாவளிப் படம்தான். வியாழக்கிழமை தீபாவளி, வெள்ளிக்கிழமையும் சர்க்கார் லீவு விட்டுவிட்டது. சேர்த்தால் நாலு நாள். நீங்கள் வந்தால் எந்தப் படத்துக்குப் போவது என்று இப்போதே பேசி வைத்தால்தான் நல்ல சீட்டாகப் பிடிக்க முடியும். நம் ஊரில் தீபாவளிக்கு டிக்கெட் எப்படிப் பறக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன தடவை வந்தபோது நீ சொன்னாய்: "இனிமே பெரிய படம் மட்டும்தான்ப்பா தியேட்டர்ல. மத்ததெல்லாம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துரும்." கணக்கு சரிதான். மகாராஜா ஜூன் 14-ல் வந்தது, ஜூலை 12-ல் நெட்பிளிக்ஸில் போட்டுவிட்டார்கள். கோட் செப்டம்பர் 5, அக்டோபர் 3. மெய்யழகன் செப்டம்பர் 27-ல் வந்தது, இந்த வெள்ளி 25-ஆம் தேதி அதுவும் வருகிறதாம். சென்னையில் மல்டிபிளெக்ஸுக்கு நாலு பேர் போனால் பாப்கார்னோடு ஆயிரத்தைத் தாண்டும் என்பதும் தெரியும். நீ பார்த்துச் செலவு செய்கிறவன். அந்த வயதில் எனக்கு அந்தப் புத்தி கிடையாது, அம்மாவைக் கேள், சொல்வாள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெரிய படம் என்று எதைச் சொல்கிறாய் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. சண்டையும் கிராபிக்ஸும் இருந்தால் தியேட்டர், மனுஷர்கள் உட்கார்ந்து பேசினால் வீடு என்று பிரித்து வைத்திருக்கிறாய்.

நான் இத்தனை வருஷமும் தியேட்டரில் படம் ஓட்டுகிற கேபினிலிருந்து பார்த்தது படத்தை மட்டும் இல்லை. ரெண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபது இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். ஒரு மெஷினில் ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அடுத்த மெஷினில் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி, உடனே மாற்றிவிட வேண்டும். நடுவில், திரைக்கு வெளிச்சம் தருகிற ரெண்டு கார்பன் குச்சியும் எரிந்து இடைவெளி கூடிவிடாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மீதி நேரம் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் கீழே இருக்கிற தலைகளைத்தான் பார்ப்பேன். எந்தப் படம் தியேட்டர் படம் என்று அந்தத் தலைகள்தான் எனக்குச் சொல்லும். சண்டைக் காட்சியில் பாதிப் பேர் சோடா வாங்கப் போயிருப்பான். ஒரு அம்மா மகனிடம் ரெண்டு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு தலை அசையாது, குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி எண்ணூறு பேர் மூச்சுவிடாமல் இருப்பது வீட்டில் எந்த டிவி வைத்தாலும் கிடைக்காது. நீ ஐம்பத்தைந்து இஞ்ச் வாங்கியிருக்கிறாய், சவுண்டுபார் வைத்திருக்கிறாய், எல்லாம் நல்லதுதான்.

மெய்யழகனை நானும் அம்மாவும் முதல் வாரமே பார்த்துவிட்டோம். அதற்கப்புறம் நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நாங்கள் பார்த்தது முழுப் படம். அதில் என்ன இருக்கிறது? ஒருத்தன் சொந்த ஊருக்கு வருகிறான், பெயர்கூட ஞாபகம் வராத ஒரு சொந்தக்காரன் ராத்திரி முழுக்க அவனோடு பேசுகிறான். அவ்வளவுதான். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, தியேட்டரில் போய்ப் பார், ரெண்டு பேரும் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். "பாக்கலாம்ப்பா" என்றாய். போனாயா என்று நான் கேட்கவில்லை.

அதே டைரக்டரின் 96 வந்தது 2018 அக்டோபரில். அந்தத் தீபாவளிக்கே சன் டிவியில் போட்டுவிட்டார்கள், திரிஷா வேண்டாம், தள்ளிப் போடுங்கள் என்று கேட்டும். டிவியில் வந்த பிறகும் தியேட்டரில் ஓடியது. வீட்டில் காசில்லாமல் பார்த்தவன்தான் திரும்ப டிக்கெட் எடுத்துப் போனான். அதில் என்ன குண்டு வெடித்தது?

சரி, வரப்போகிற படங்களுக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு அமரன், பிரதர், பிளடி பெக்கர். லக்கி பாஸ்கரும் தமிழ் பேசிக்கொண்டு வருகிறது. என் யோசனை அமரன். மேஜர் முகுந்த் வரதராஜன் கதை. 2014 ஏப்ரலில் சோபியானில் இறந்துபோனார், முடிவு ஊருக்கே தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு எதற்குத் தியேட்டர் என்று நீ கேட்பாய். 2015 குடியரசு தினத்தில் டில்லியில் அவர் மனைவி அசோக் சக்ராவை வாங்கிக்கொண்டதை டிவியில் பார்த்துவிட்டு அம்மா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, உனக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நேராக நின்றது அந்தப் பெண். புருஷன் ஒரு ஊரிலும் பெண்சாதி ஒரு ஊரிலுமாக இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காத குடும்பம். சாய் பல்லவி அதைச் செய்கிறாள் என்றால் நான் நம்பிப் போவேன். இந்தப் படத்தை முதல் ரெண்டு மூன்று நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் போனால் ஆளுக்கு ஆள் கதை சொல்லிவிடுவார்கள், முடிவு தெரிந்தாலும் நடுவில் இருப்பது தெரியாதல்லவா.

பிரதர், ராஜேஷ் படம். பாஸ் என்கிற பாஸ்கரன் நான் ஓட்டிய காலத்தில் வசனமே காதில் விழாது, சிரிப்புதான். சிரிப்புப் படத்தைத் தனியாகப் பார்க்கவே கூடாது. நாலு பேர் சிரித்தால்தான் நமக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவர் படத்தில் எல்லாமே அப்படி அமைந்ததில்லை, அதனால் முதல் நாள் வேண்டாம். மேட்னி விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். யூடியூபில் வாசலில் மைக்கை நீட்டுகிறார்களே, அதை நம்பாதே. மைக்கைப் பார்த்தால் யாரும் நிஜத்தைச் சொல்ல மாட்டான். பிளடி பெக்கர் புது டைரக்டர், தயாரிப்பு நெல்சன். கவின் படம் என்று உன் அக்கா மகன் குதிக்கிறான். அவன் போகட்டும், நாம் ஒரு வாரம் பொறுக்கலாம்.

கங்குவா நவம்பர் 14. அக்டோபர் 10-ல் வர வேண்டியது, வேட்டையனுக்கு வழிவிட்டுத் தள்ளிப் போனது. உன் கணக்குப்படி அதுதான் பெரிய படம், சென்னையில் த்ரீடியில் பார்ப்பாய். பார், ஆனால் நல்ல தியேட்டராகப் பார்த்துப் போ. த்ரீடி கண்ணாடி போட்டால் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும். விளக்குப் பழசாகியும் மாற்றாமல் ஓட்டுகிற தியேட்டரில் அந்தக் காட்டுக்குள் ராத்திரிச் சண்டை ஒன்றும் தெரியாது. த்ரீடிக்காகப் போட்ட வெள்ளித் திரையில் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும், அதனால் எப்போதும் நடுச் சீட்டாக எடு. சத்தமும் அப்படித்தான். ஸ்டூடியோவில் 7 என்கிற அளவில் வைத்துக் கேட்டுத்தான் மிக்ஸ் செய்கிறார்கள். தியேட்டரில் யாரோ ஒருத்தர் காது வலிக்கிறது என்றதும் 5-க்கு இறக்கிவிடுவார்கள், அப்புறம் ஏற்றுவதே இல்லை. பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்துபோய்ச் சொல். நீ சொல்ல மாட்டாய். சின்ன வயதிலிருந்தே எது சரியில்லை என்றாலும் வாயைத் திறக்க மாட்டாய், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். சொன்னால்தானே தம்பி தெரியும்.

டிசம்பர் 20-க்கு விடுதலை ரெண்டாம் பாகம். அதைத் தியேட்டரில் விடவே கூடாது. முதல் பாகத்தின் தொடக்கத்தில் ரயில் கவிழ்ந்து கிடக்கிற இடத்தை வெட்டாமல் ஒரே மூச்சில் காட்டினாரே வெற்றிமாறன், அதை டிவியில் திரும்பப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. தியேட்டரில் நாமும் அந்தத் தண்டவாளத்தில் நடந்துபோன மாதிரி இருந்தது. இளையராஜா வேறு. அப்போது லீவு கிடைக்குமா என்று பார். ரெண்டு பேரும் வரப் பாருங்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீ கூடத்தில் டிவியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளறையில் மருமகள் கட்டிலில் சாய்ந்து போனில் வேறொரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் அந்த வயரை மாட்டிக்கொண்டு. நடுவில் கதவு திறந்துதான் கிடந்தது. அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் போலிருக்கிறது என்று படுத்துக்கொண்டேன். அப்புறம் ஆடிக்கு அவள் சங்கரன்கோவிலில் பிறந்த வீட்டுக்குப் போனதாக அக்கா சொன்னாள். சரி, ஆடி என்றால் போவதுதான். இப்போது ஐப்பசி. போன வாரம் சந்தையில் சம்பந்தியைப் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினார், உளுந்து விலையைப் பற்றிப் பேசினார். மகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கை மட்டும் என் கையை விடவே இல்லை, பஸ் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மாவுக்குச் சித்தப்பா வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி தூங்குவதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று எழுதியது உண்மைதான், ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது.

உன் அம்மா நான் ஓட்டிய படம் எல்லாம் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காமார்களோடு தரை டிக்கெட்டில், பெஞ்சில், அப்புறம் பால்கனியில். நான் மேலே இருப்பேன், அவள் கீழே இருப்பாள். இன்டர்வலில் ஒரு தரம் திரும்பிக் கேபினைப் பார்ப்பாள். வேலையை விட்ட பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம், அது 96. நான் பழக்கத்தில் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், புள்ளி வருகிறதா என்று. டிஜிட்டலில் ஏது புள்ளி. அவள் என் முழங்கையை இடித்து, "படத்தப் பாருங்க" என்றாள். இடைவேளைக்கு அப்புறம் கையை எடுக்கவில்லை. எனக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. உனக்கு இன்னும் நரைக்கவில்லை.

ஆகவே அமரன் என்று முடிவு செய்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி. தீபாவளி அன்று முதல் காட்சி வேண்டாம், விசில் சத்தத்தில் அம்மாவுக்குத் தலை வலிக்கும். நடு வரிசையில், பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி. அங்கேதான் சத்தம் சரியாக வந்து விழும். அக்கா மகன் போனில் போட்டுத் தருகிறேன் என்கிறான். எத்தனை டிக்கெட் தாத்தா என்று கேட்டான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்று போட்டுவிட்டு அப்புறம் நாலாவது வேண்டும் என்றால் வேறு வரிசையில்தான் கிடைக்கும். பண்டிகைக் கூட்டத்தில் யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள். நாலு போட்டு ஒன்று காலியாக இருந்தால் போவது ஒரு டிக்கெட் காசுதான். அதனால் நாலாகவே போடச் சொல்லப் போகிறேன். மருமகளுக்கு நீ சொல்வாயா, நான் சொல்லட்டுமா? சம்பந்தி நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ சொன்னால் நல்லது. சனிக்கிழமைக்குள் ஒரு போன் போடு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அப்பா