பாதி விலைக்கு மரம் கழிப்பவரைப் பற்றி, செயலாளர் சாருக்கு

அன்புள்ள செயலாளர் சாருக்கு,

வணக்கம். உங்கள் அபார்ட்மென்ட் மரங்களின் கிளைகளைக் கழிக்க நான் சொன்ன தொகையைப் பற்றி நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. "நீங்க 32,000 சொல்றீங்க, இன்னொருத்தர் 14,000-க்கே முடிச்சுத் தர்றேங்கறார், கமிட்டியில என்னைத்தான் கேக்கறாங்க." நியாயமான கேள்விதான். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியைப் பெங்களூரில் வேறு அசோசியேஷன்களும் கேட்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரோ கட்டடத்தின் பெயரோ இதில் வராது.

முதலில் ஒன்று. அந்த 14,000 சொன்னவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேலைக்கான மீதிக் கூலியை அவருக்குக் கொடுக்கப்போவது உங்கள் மரம். பார்க்கிங் பக்கம் நீண்டிருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளைகள் இருக்கின்றன அல்லவா, அவைதான் அவர் கண்ணில் பட்டிருக்கும். "வெட்டின கட்டையை நாங்களே எடுத்துட்டுப் போயிடுறோம் சார், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று சொல்லியிருப்பார். பருத்த கட்டைக்கு மரக்கடையில் விலை உண்டு. தூங்குமூஞ்சிப் பலகையை ஓரம் சீவாமல் அப்படியே மேசையாகச் செய்வது இப்போது ஃபேஷன் வேறு. அதனால் அவருடைய ரம்பம் பருத்த கிளையைத்தான் தேடும். உங்கள் மரத்துக்கு எடுக்க வேண்டியதோ பட்டுப்போன சுள்ளிகள், ஒன்றோடொன்று உரசும் கொப்புகள், மூன்றாம் மாடி பால்கனியைத் தொடும் நுனிகள். எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக்கூடத் தேறாத சரக்கு.

பருத்த கிளைகளை மொட்டையாக வெட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டாம். உங்கள் தெருமுனையில் மேல்பாதி இல்லாமல் நிற்கும் பெருங்கொன்றையைப் பாருங்கள். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்து, இப்போது கை பருமனுக்கு வளர்ந்திருக்கிறது. பார்ப்பதற்கு மரம் பிழைத்துக்கொண்டதுபோல இருக்கும். இலை மொத்தமும் போய்விட்டதே என்று மரம் சேமித்து வைத்த சத்தையெல்லாம் செலவழித்து அவசரமாக விட்ட தளிர் அது. ஒழுங்காக வளர்ந்த கிளைக்கு அடிமரத்தின் உள்வரை பிடிப்பு இருக்கும். இந்தத் தளிருக்கு மேல்தோலில்தான் பிடிப்பு. அடியில் வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்க, மேலே தளிர் கனத்துக்கொண்டே போகும். சில வருடங்களில் காற்றுக்கு முறியும். அப்புறம் அதே ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். அவருக்கு அது நிரந்தர வருமானம்.

மரக்காயம் நம் தோல் ஆறுவதுபோல ஆறாது. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் அறுத்து, உள்ளே அழுகல் எந்த வழியாகப் பரவுகிறது என்று பார்த்தவர். 1970-களில் அவர் எழுதி வைத்ததை இன்றைக்கும் உலகம் முழுக்க மர வேலைக்காரர்கள் பின்பற்றுகிறார்கள். மரம் கெட்ட பகுதியைச் சரிசெய்வதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது என்பதுதான் அவர் கண்டது. எனவே அந்தச் சுவரை எழுப்ப முடிகிற இடத்தில் வெட்ட வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் தோல் கொஞ்சம் சுருங்கிப் புடைத்து ஒரு வளையம் இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே, அதே நேரம் மிச்சக் கட்டை முளைக்குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்காமல் வெட்ட வேண்டும்.

ஆனால் நேரடியாக அங்கே ரம்பத்தை வைத்தால், பாதி அறுத்ததுமே கிளை தன் எடையில் மடங்கி, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு வரும். அதனால் மூன்று வெட்டு. முதலில் ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு ஒன்று. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இன்னொன்று. கிளை சுத்தமாக முறிந்து கயிற்றில் தொங்கும். மிச்சமிருக்கும் பாரமில்லாத கட்டையை நிதானமாக வளையத்தை ஒட்டி எடுப்பது கடைசி. ஒரே வெட்டில் முடிக்கும் ஆள் நாள் முடிவில் என்னைப்போல மூன்று மடங்கு மரம் பார்ப்பார். வெட்டுவாயில் தாரைப் பூசி மருந்து வைத்தாயிற்று என்றும் சொல்வார். தார் அழுகலைத் தடுக்காது. கமிட்டிக்குப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, என் 32,000-க்கு வருவோம். உங்கள் தூங்குமூஞ்சியும் இரண்டு பெருங்கொன்றைகளும் சேர்த்து இரண்டு நாள் வேலை. மேலே ஏறுகிறவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 2,000. கீழே மூன்று பேர், ஆளுக்கு 1,000. கூலி மட்டுமே 14,000 ஆகிவிட்டது பாருங்கள், அவர் உங்களிடம் கேட்ட மொத்தத் தொகை. தழையை அள்ளிப் போகும் குட்டியானை வண்டிக்கு 6,000. செயின்சா, பெட்ரோல், செயின் ஆயில், கயிறு தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இந்த வேலையின் பங்குக்கு 4,500. மிச்சம் 7,500. அனுமதிக்கு அலைவது, மழை வந்து நின்றுபோகும் நாளுக்குப் பையன்களுக்குக் கொடுக்கும் அரைக் கூலி, அசோசியேஷன்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பாக்கி (உங்களைச் சொல்லவில்லை சார்), கடைசியாக என் வீடு, எல்லாம் அதற்குள்தான்.

மேலே ஏன் இரண்டு பேர் என்று உங்கள் பொருளாளர் கேட்டாராம். ஒருவர்தான் அறுப்பார். அவருக்கு மயக்கம் வந்தாலோ, கையில் ரம்பம் பட்டாலோ, 40 அடி உயரத்தில் பெல்ட்டில் தொங்கும் ஆளைக் கீழே இறக்க, ஏறத் தெரிந்த இன்னொருவர் அங்கேயே இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து இறக்கட்டும் என்று நினைத்தால், உங்கள் கேட்டுக்குள் அந்த வண்டி நுழையாது.

கீழே மூன்று பேர் எதற்கு என்பது வேலை நடக்கும்போது பார்த்தால்தான் புரியும். ஒரு அடி விட்டம், ஆறு அடி நீளமுள்ள பச்சைக் கட்டையின் எடை நூறு கிலோவைத் தாண்டும். அதை யாரும் கையால் பிடித்து இறக்க முடியாது. மேலே உறுதியான கவட்டை வழியாகக் கயிற்றைப் போட்டு, அதன் மறுமுனையைக் கீழே அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உரசலிலேயே பாரத்தை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். எங்களிடம் கயிறு பிடிப்பவர் ஜவ்வாது மலைக்காரர். மேலே முறியும் சத்தம் வந்ததுமே எந்த வேகத்தில் விட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். சட்டென்று இறுக்கிப் பிடித்தால் கட்டை ஊஞ்சலாடிப் போய் உங்கள் முதல் மாடி ஜன்னலில் அடிக்கும். இந்த வேலையில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நான் புலம்புவது ஏறுபவரைப் பற்றி இல்லை. தென்னை ஏறிப் பழகிய பையன்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து இன்னும் வருகிறார்கள். நல்ல கயிற்றுக்காரர்தான் கிடைப்பதில்லை.

செயின்சாவைப் பற்றி ஒரே ஒரு வரி, நீங்களே சோதித்துப் பார்க்கலாம் என்பதற்காக. அறுக்கும்போது சீவல் சீவலாக வந்து விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவாகப் புகைந்தால் மழுங்கிவிட்டது. அந்த மெஷினோடு யாராவது மரத்தில் இருந்தால் உடனே இறங்கச் சொல்லுங்கள். மழுங்கிய ரம்பத்தை அழுத்துகிறவர் கைதான் வழுக்கும்.

இன்சூரன்ஸ் எடுப்பது தனிக் கூத்து. படிவத்தில் என்ன தொழில் என்ற இடத்தில் மரம் ஏறுதல் என்று ஒன்று இல்லவே இல்லை. "தோட்ட வேலைன்னு போட்டுடலாமா சார், பிரீமியம் கம்மியாகும்" என்று கேட்ட ஏஜென்ட் உண்டு. அப்படிப் போட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது விழுந்தால்தான் பணம் வரும். உயரத்தில் செய்யும் வேலை என்று தெளிவாக எழுதி, கூடுதல் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன். நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். அந்த 14,000 சொன்னவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. அவருடைய ஆள் உங்கள் காம்பவுண்டுக்குள் விழுந்தால், போலீஸ் முதலில் வந்து நிற்பது செயலாளர் வீட்டு வாசலில்தான்.

அனுமதி விஷயத்தில் நீங்கள், "நம்ம காம்பவுண்டு, நம்ம மரம், யாரைக் கேக்கணும்?" என்றீர்கள். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரத்துக்கும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அடியோடு சாய்ப்பது மட்டும் அல்ல, கிளைகளை மொட்டையடிப்பது, பட்டையைச் சுற்றி உரிப்பது, மருந்து வைத்துக் கொல்வது எல்லாமே அந்தச் சட்டத்தின் கணக்கில் வெட்டுவதுதான். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபின் எந்த அலுவலகம் போவது என்பதே பலருக்குக் குழப்பம். அந்த அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன். கன்னடத்தில் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அனுமதி வராமல் ரம்பத்தைக் கையில் எடுக்க மாட்டேன். எதிர் வீட்டில் யாராவது போனில் வீடியோ எடுத்துக்கொண்டே "பர்மிஷன் இதெயா?" என்று கேட்கும்போது காகிதத்தை நீட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அப்படிக் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. 1980-களில் வனத்துறையின் நெகின்ஹால் தலைமையில் இந்த ஊர்த் தெருக்களில் லட்சக்கணக்கில் கன்றுகள் நட்டார்கள். நாம் கார் நிறுத்தும் நிழலில் பெரும்பகுதி அப்போது வைத்தது. யாராவது கேட்கத்தான் வேண்டும்.

உண்மையான தலைவலி மரத்திலும் இல்லை, அதிகாரியிடமும் இல்லை, கட்டடத்துக்குள் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். மொட்டை மாடியில் சோலார் வைத்தவருக்கு நிழல் ஆகாது. இரண்டாம் மாடிக்காரருக்கு எதிர் ஃபிளாட் தெரியக் கூடாது, அதனால் ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. தரைத்தளத்து அம்மாவுக்கு வாசலில் இலையே விழக் கூடாது. ஒரு மரத்தை நான் ஒரு விதமாகத்தான் கழிக்க முடியும், மூன்று விதமாக அல்ல. ஒரே வருடத்தில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பதைக் கமிட்டி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் நல்லது. நான் மேலே ஆளை ஏற்றிய பிறகு ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கை நீண்டு "அது வேணாம், இதை எடு" என்று காட்டினால், பெல்ட்டில் தொங்குகிறவருக்கு யார் முதலாளி என்றே தெரியாமல் போய்விடும்.

கார்களும் அப்படித்தான். முந்தின நாளே நோட்டீஸ் ஒட்டுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன ஒருவர் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிறார்.

எப்போது செய்வது என்று கேட்டீர்கள். எல்லோரும் என்னைக் கூப்பிடுவது மே மாதத்தில், மாம்பழ மழையோடு வரும் காற்றில் பக்கத்துத் தெருவில் ஒரு கிளை காரின்மேல் விழுந்த மறுநாள். அன்றைக்கு என் போன் ஓயாது, பையன்களுக்குத் தூக்கம் இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் பெருங்கொன்றை இலை கொட்டி, எந்தக் கிளை பட்டது எது உயிருள்ளது என்று கீழிருந்தே தெரியும் நாட்களில் யாரும் கூப்பிடுவதில்லை. அப்போது பாதி நாள் நாங்கள் சும்மாதான் இருப்போம். அந்தச் சமயத்தில் செய்தால் 3,000 குறைத்துக்கொள்கிறேன். என்னால் முடிந்த தள்ளுபடி அதுதான். பூக்காலம் வந்துவிட்டால் மலைத்தேனீ உச்சிக் கிளையில் அடை கட்டிவிடும். மெஷின் சத்தத்துக்கு அது கலைந்தால் மேலே இருப்பவரால் ஓட முடியாது. பருந்து கூட்டில் குஞ்சு இருந்தாலும் அந்தக் கிளையை விட்டுவிட்டுத்தான் வேலை. தெருப்பக்கத்துக் கம்பி ஓரத்தில் இருக்கும் கிளைகளுக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏறுவோம், அதற்கும் ஒரு நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

தழையைப் பற்றி ஒரு வேண்டுகோள். பின்பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் கம்பி வலைத் தொட்டி ஒன்று கட்டினால் இலைகளை அங்கேயே மக்க விடலாம். வண்டியில் ஒரு நடை மிச்சமாகும், 2,000 குறையும். மூலையில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டாம், அது சட்டப்படியும் தப்பு.

யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் கமிட்டி பாடு. ஆனால் ஒரு விஷயம் அதுவரை காத்திருக்கக் கூடாது. கேட்டுக்கு இடதுபுறம் உள்ள பெருங்கொன்றையின் அடியில், சிமெண்ட் தளமும் மரமும் ஒட்டும் இடத்தில், தட்டையாகப் பழுப்பு நிறத்தில் காளான் வந்திருக்கிறது. ஓரம் வெள்ளையாக, மேலே வார்னிஷ் அடித்ததுபோல இருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டுச் சுத்தமாயிற்று என்று வாட்ச்மேன் நினைத்துவிட வேண்டாம். வேர் உள்ளே அழுகுவதன் வெளி அடையாளம் அது. மேலே இலை பச்சையாக இருப்பதை வைத்து மரம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த மரத்துக்குத் தனியாக மர அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். போட்டோக்களோடு விண்ணப்பத்தை இன்று மாலை அனுப்பிவைக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். அதன் கீழே நிற்கும் ஸ்கூட்டர்களையும், பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்தப் பெஞ்சையும் இன்றைக்கே வேறு பக்கம் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மரக்காரன்