ரயிலை ஓட்டித் தப்பிய மருத்துவப் படை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த ராணுவ டாக்டர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. (ஆற்காடு கோவிந்தராஜ்) ரங்கராஜைப் பற்றி எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். 1944-இல் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்த பாராசூட் படையின் டாக்டர். அப்புறம் கொரியப் போர். ஐ.நா. படைகளுக்கு உதவ இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

1950 டிசம்பரில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் எல்லாம் பின்வாங்குகின்றன. ரங்கராஜின் பிரிவுக்கு லாரி இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை. கைவிடப்பட்ட நீராவி இன்ஜின் ஒன்றைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். ஆபரேஷன் கருவி இல்லாத டாக்டர் போர்முனையில் என்ன செய்ய முடியும்? அந்த வேலையில் இருந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

மறு மார்ச்சில் கொரியாவின் முன்சானில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். ரங்கராஜுக்கு, போர்க்கால வீரத்துக்கான நாட்டின் இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா கிடைத்தது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் பாடுபட்டார்.

ஆற்காட்டில் ஒரு தெருவுக்கோ அரசு மருத்துவமனை வார்டுக்கோ அவர் பெயரை வைக்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
ராணிப்பேட்டை.